கொடுக்கப் போனோம், கடனாளியாகத் திரும்பினோம்
நேபாள மலைக்கிராமம் ஒன்றில் எமது மாணவர் குழுவின் முதல் நாட்கள்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாத நடுப்பகுதியில் பதினொரு மாணவர்களை அழைத்துக்கொண்டு நாம் நேபாளத்திற்குப் பயணமானோம். ஆறு யுவதிகள், ஐந்து இளைஞர்கள். மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலிருந்து வந்த தமிழ் மாணவர்களும், சிலாபம், நீர்கொழும்பு பகுதிகளைச் சேர்ந்த சிங்கள மாணவர்களும் குழுவில் இருந்தனர். சிலர் பல்கலைக்கழகத்தில் பயில்பவர்கள். மற்றையோர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவர்கள். 2015இல் நிலநடுக்கத்தால் சிதைந்த மலைக்கிராமம் ஒன்றில் இரண்டு வாரங்கள் தங்கி, வீடு கட்டும் பணியில் கைகொடுப்பதே பயணத்தின் நோக்கமாக இருந்தது.

அந்த இரண்டு வாரங்களில் நடந்த அனைத்தையும் இங்கு எழுதப்போவதில்லை. முதல் ஐந்து நாட்களைப் பற்றியே எழுத விரும்புகிறோம். இத்தகைய பயணம் ஒன்று எப்படி அமையப்போகிறது என்பதை அதன் முதல் நாட்களே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன என்பது எமது அனுபவம்.

புறப்படுமுன் ஒரு கணக்கு

பயணச் செலவுக்காக மாணவர்கள் பல மாதங்கள் உழைத்தார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வளவில் பலகாரம் விற்றார்கள். மதிய உணவுப் பொதிகள் கட்டி விற்றார்கள். உறவினரிடமும் கேட்டார்கள். இப்படிச் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி விமான ரிக்கற்றுக்கே போயிற்று.

ஆயத்தக் கூட்டம் ஒன்றில் மன்னார் மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: “பாதர், இந்த ரிக்கற் காசை அப்படியே அங்கை அனுப்பினால் என்ன? அந்தச் சனம் ஆள் பிடிச்சு வீட்டைக் கட்டுமே. நாங்கள் என்னத்துக்குப் போகவேணும்?”

நாம் கணக்குப் பார்த்தோம். நிலநடுக்கத்தில் வீடிழந்த குடும்பத்திற்கு நேபாள அரசு வழங்கிய உதவி மூன்று இலட்சம் நேபாள ரூபா. அது மூன்று தவணைகளில் கொடுக்கப்பட்டது. முதலில் ஐம்பதினாயிரம், அத்திவாரம் முடிந்து பொறியியலாளர் பார்வையிட்டபின் ஒன்றரை இலட்சம், சுவர் கூரை மட்டத்திற்கு எழுந்தபின் ஒரு இலட்சம். எமது மாணவர் ஒருவரின் போக்குவரத்து ரிக்கற், அந்த முதல் தவணைக்கு ஏறக்குறைய சமமாக இருந்தது. பதினொரு மாணவர், பதினொரு முதல் தவணை!

இந்தக் கேள்வி புதிதன்று. இவான் இலிச் என்ற குருவானவர் 1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மெக்சிக்கோவின் குவர்னவாக்கா நகரில், சேவை செய்யவென்று அங்கு வந்துபோகும் அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் பேசியபோது, உதவி செய்கிறோம் என்று வராதீர்கள், பார்க்கவும் படிக்கவும் விருந்தினராக வாருங்கள் என்ற கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். குருமடத்தில் கற்ற காலத்தில் அந்த உரையை வாசித்து நாமும் கலங்கியதுண்டு. எனவே, மாணவியின் கேள்விக்கு உடனடியாக ஒரு பதிலைச் சொல்லி அவரை அமர்த்திவிட மனம் ஒப்பவில்லை. “கேள்வியை இங்கே விட்டுவிட்டு வரவேண்டாம். கூடவே எடுத்து வாருங்கள்” என்று மட்டும் சொன்னோம்.

நாம் வரவேற்றவர்களாய் இருந்தபோது

எமக்கு இன்னொரு நினைவும் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோளின் பின்னர், குருமட மாணவராகக் கரையோரக் கிராமங்களில் பணியாற்றியபோது, வெளிநாட்டுக் குழுக்கள் பலவற்றை நாமே வரவேற்றிருக்கிறோம். நல்ல மனிதர்கள். வெயிலில் நின்று வியர்க்க வியர்க்க வேலை செய்தார்கள். அவ்வாறான குழு ஒன்று முன்பள்ளிக்கென ஒரு சுவர் எழுப்பியது. சுவர் கோணல். எமது மேசன்மார் அதை முதல் நாளே கண்டார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தூர இடத்திலிருந்து வந்தவர்கள், மனம் நோகக்கூடாது என்பது ஒரு காரணம். அடுத்த உதவி வராமல் போய்விடுமோ என்ற பயம் மற்றக் காரணம். மாலை போட்டு, பிரியாவிடைப் பாட்டுப் பாடி அவர்களை அனுப்பிவைத்தோம். அடுத்த கிழமை சுவரை இடித்துத் திரும்பக் கட்டினோம்.

அவர்கள் இன்றைக்கும் அந்தச் சுவர் நிற்பதாகவே எண்ணிக்கொண்டிருப்பார்கள். பிழை அவர்களுடையது மட்டுமா? உண்மையைச் சொல்லும் துணிவு எமக்கும் இருக்கவில்லை. உதவி பெறுபவர் உண்மை பேச முடியாத இடத்தில் அபிவிருத்தி எப்படி நிகழும்?

முதல் இரு நாட்கள்

நவம்பர் 15ஆம் திகதி வியாழக்கிழமை காத்மண்டுவில் இறங்கினோம். சார்க் நாட்டவர் என்பதால் விசாக் கட்டணம் கேட்கப்படவில்லை. கடிகாரத்தைப் பதினைந்து நிமிடங்கள் முன்னே தள்ளினோம். அவர்களுக்கும் எமக்கும் உள்ள நேர வித்தியாசம் அவ்வளவுதான். “பதினைஞ்சு நிமிசத்துக்கு ஏன் ஒரு தனி நேரம்?” என்று முல்லைத்தீவு இளைஞன் சிரித்தான். சிறிய நாடு ஒன்று பெரிய அயல்நாட்டுக்குப் பக்கத்தில் தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்வதன் பொருளை, இலங்கையர் நாம் விளங்கிக்கொள்ளக் கடினமில்லை என்றோம்.

மறுநாள் திரிசூலி ஆற்றோரமாக முக்லிங் வரை பஸ்ஸில் சென்று, அங்கிருந்து கோர்க்கா மாவட்டத்தினுள் திரும்பினோம். 2015 ஏப்ரல் 25ஆம் திகதி ஏற்பட்ட 7.8 அளவிலான நிலநடுக்கத்தின் மையம் இந்த மாவட்டத்திலேயே இருந்தது. நாடு முழுவதிலும் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். ஐந்து இலட்சம் அளவிலான வீடுகள் முற்றாக அழிந்தன. பஸ் பாதை முடிந்த இடத்திலிருந்து ஜீப்பிலும், பின்னர் கால்நடையாகவும் ஏறிக் கிராமத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வடக்கே மனாஸ்லு மலையின் பனிமுகடு மாத்திரம் இன்னும் வெளிச்சத்தில் நின்றது.

வரவேற்பில் செவ்வந்தி மாலையும் நெற்றித் திலகமும் இருந்தன. இலங்கையிலிருந்து வருகிறோம் என்றதும் ஒரு முதியவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சீதை பிறந்ததாக அவர்கள் போற்றும் ஜனக்பூர் நேபாளத்தில்தான் இருக்கிறது. “எங்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள்தானே? இப்போது எதை எடுத்துப்போக வந்தீர்கள்?” என்பது அவருடைய கேள்வி! அது பகிடிதான். ஆனால் உதவி செய்ய வந்தவர்களிடம், எதை எடுத்துப்போக வந்தீர்கள் என்று முதல் மாலையிலேயே கேட்கப்பட்டதை நாம் மறக்கவில்லை.

இந்தப் பகிடியை ஆங்கிலத்தில் விளக்கியவர் நாற்பது வயதளவான ஒருவர். மலேசியாவில் தமிழர் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் சில வருடங்கள் வேலை செய்தவராம். எமது பிள்ளைகள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டுத் திடீரென்று, “சாப்பிட்டாச்சா?” என்றார். மாணவர்கள் துள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து அவரே எமது மொழிபெயர்ப்பாளர். அண்ணனைத் ‘தாய்’ என்றும் அக்காவைத் ‘தீதி’ என்றும் அழைக்க வேண்டும் என்று கற்பித்தவரும் அவரே. மீசை வைத்த ஒருவரைத் ‘தாய்’ என்று கூப்பிட எமது இளைஞர்களுக்கு இரண்டு நாட்கள் எடுத்தன.

வேலையில்லாத சனிக்கிழமை

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமையே. கத்தோலிக்கரும் தம் வாரத் திருப்பலிக்கு அன்றுதான் கூடுகிறார்கள். கையுறைகளைப் போட்டுக்கொண்டு விடியவே முற்றத்தில் கூடிய எமது மாணவர்களிடம், இன்று உங்களுக்கு வேலையில்லை, வீடுகளுக்குப் போய் இருங்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். “வந்த நாளிலை ஒண்டைக் கழிக்கவேணுமோ? சும்மா இருக்கவே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்று ஒருவர் முறையிட்டார்.

நாம் எதுவும் சொல்லவில்லை. இருவர் மூவராக வீடுகளுக்கு அனுப்பிவைத்தோம். அறுவடைக் காலமாதலால் பெண்கள் குரக்கன் வெட்டப் போனார்கள். ‘டோகோ’ என்ற பெரிய கூடையை முதுகில் வைத்து, அதன் வாரை நெற்றியில் மாட்டிச் சுமக்கிறார்கள். கூடைப்பந்தாட்டக் குழுவில் இருந்த எமது நீர்கொழும்பு இளைஞன், அறுபது வயதுத் தாய் ஒருவர் சுமந்த பாரத்துடன் இருபது அடி தூரம்கூட ஏற முடியாமல் குந்திவிட்டான். மதியம், குரக்கன் மாவில் கிண்டிய ‘திண்டோ’ என்ற களியைக் கொடுத்தார்கள். “எங்கட அம்மம்மாவும் குரக்கன் பிட்டு அவிப்பா” என்று மட்டக்களப்பு மாணவி சொல்ல, அது மொழிபெயர்க்கப்பட்டபோது வீட்டுக்காரியின் முகம் மலர்ந்தது.

அதே வீட்டில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தந்தை கட்டாரில் கட்டட வேலையில். கைத்தொலைபேசியில் அவருடைய படத்தைக் காட்டினாள். ரிக்கற் காசைப் பற்றிக் கேட்ட அந்த மன்னார் மாணவி தன் தொலைபேசியை எடுத்து இன்னொரு படத்தைக் காட்டினார். குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக நான்கு வருடங்கள் இருந்த தன் தாயின் படம். இருவருக்கும் பொதுவான மொழியில்லை. “கட்டார்” என்றாள் சிறுமி. “குவைத்” என்றார் மாணவி. பிறகு இருவரும் நெடுநேரம் ஒன்றாக இருந்து குரக்கன் கதிர் உதிர்த்தார்கள்.

நண்பகலுக்குச் சற்று முன்பு, மலேசியாவிலிருந்து திரும்பியவர் தன் கடிகாரத்தைக் காட்டினார். 2015இல் நிலம் அதிர்ந்ததும் ஒரு சனிக்கிழமை. நேரம் 11.56. பாடசாலைகள் மூடியிருந்தன. “அது வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் பிள்ளைகள் எல்லோரும் வகுப்பறைகளில் இருந்திருப்பார்கள். எங்கள் பாடசாலையில் ஒரு சுவரும் மிஞ்சவில்லை” என்றார். காலையில் முறையிட்ட மாணவர் தலையைக் குனிந்துகொண்டார். வேலையற்ற நாள் என்று நாம் நினைத்த சனிக்கிழமை, ஒரு தலைமுறையைக் காப்பாற்றிய நாள்.

கழற்றப்பட்ட சுவர்

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. நாம் பொறுப்பேற்ற வீடு அந்தச் சிறுமியின் வீடுதான். கட்டுபவர் அவளுடைய தாய். ஆண்களில் அநேகர் வெளிநாடுகளில் இருந்தமையால் நிலநடுக்கத்தின் பின்னர் மேசன்மாருக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. எனவே பெண்கள் பலர் மேசன் பயிற்சி பெற்றார்கள். அவர்களுள் இவரும் ஒருவர்.

பழைய வீடுகள் ஏன் விழுந்தன என்பதை அவர் ஒரு குவியல் கல்லை வைத்து விளக்கினார். கல்லும் மண்சாந்தும் கொண்டு கட்டும் தடித்த சுவரில் உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று. இடையில் சிறு கற்களும் மண்ணும் நிரப்பப்படும். நிலம் குலுங்கும்போது இரு முகங்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்து சரிந்துவிடும். ஆகவே சுவரின் முழுத் தடிப்பையும் கடக்கும் நீண்ட கற்களை இடையிடையே குறுக்கே வைக்க வேண்டும். மூலைக் கற்கள் ஒன்றையொன்று பூட்ட வேண்டும். யன்னல் மட்டம், நிலை மட்டம் ஆகியவற்றில் மரத்தாலோ கொங்கிரீற்றாலோ வீட்டைச் சுற்றி ஒரு பட்டி ஓட வேண்டும்.

மாணவர்கள் தலையாட்டினார்கள். உற்சாகமாகக் கட்டினார்கள். பிற்பகலில் ஒரு முழப் பகுதி எழுந்துவிட்டது. வெளிமுகம் அழகாகத்தான் இருந்தது. அவர்கள் அதன் முன் நின்று படமும் எடுத்தார்கள்.

பொழுது சாயும் நேரம் அந்தத் தாய் வந்தார். சுவரைச் சுற்றி நடந்து பார்த்தார். தூக்குக்குண்டைப் பிடித்தார். பிறகு அலவாங்கை எடுத்து, மேல் வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கல்லாகக் கழற்றினார். கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. குறுக்குக்கல் வைக்க வேண்டிய இரண்டு இடங்களில் சிறு கற்கள் நிரப்பப்பட்டிருந்தன. கல்லும் கல்லும் சேரும் மூட்டுகள் மூன்று வரிசைகளில் நேருக்கு நேராக விழுந்திருந்தன. கழற்றிய கற்களை அளவுப்படி அடுக்கி வைத்துவிட்டு, நாளைக்கு நீங்கள் கல் சுமவுங்கள், கட்டுவதைப் பார்த்துப் பழகுங்கள், பிறகு தொடுவோம் என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்றிரவு குழுவில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஓர் யுவதி அழுதார். சிலாபம் மாணவன் ஒருவன், இப்படி எல்லோருக்கும் முன்னால் கழற்ற வேண்டுமா என்று கேட்டான்.

நாம் அவர்களுக்கு இரண்டு விடயங்களைச் சொன்னோம். முதலாவது, அந்தக் குடும்பத்திற்கு மூன்றாம் தவணையான ஒரு இலட்சம் ரூபா இன்னும் வரவில்லை. சுவரைப் பொறியியலாளர் பார்த்து ஏற்றுக்கொண்டாற்றான் வரும். உங்கள் சுவர் நின்றிருந்தால் அந்தப் பணம் நின்றிருக்கும். அதனினும் மேலாக, அந்தச் சுவரின் கீழ் நித்திரை கொள்ளப்போவது நீங்கள் அல்ல, அந்தச் சிறுமி. இரண்டாவதாக, எமது கடற்கரைக் கிராமத்தின் கோணல் சுவரைப் பற்றிச் சொன்னோம். நாம் எமது விருந்தாளிகளுக்குப் பொய் சொன்னோம். இந்தத் தாய் உங்களுக்கு உண்மை சொன்னார். இருவரில் யார் விருந்தாளியை அதிகம் மதித்தார்கள்?

வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மன்னார் மாணவி மெதுவாகச் சொன்னார்: “காசை அனுப்பியிருந்தால் இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டினம்.” அவருடைய கேள்விக்கு அது முழுப் பதில் அன்று. ஆனால் பதிலின் தொடக்கம்.

‘பர்ம’ என்ற ஒரு சொல்

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை காலையில் அந்தத் தாய் வேறொரு கணக்குடன் வந்தார். நேற்றுப் பதினொரு பேர் என் வீட்டில் ஒருநாள் நின்றீர்கள். அதை நான் எப்படித் திருப்புவது?

திருப்ப வேண்டாம், இது எமது சேவை என்றார்கள் மாணவர்கள். மொழிபெயர்த்தவர் தயங்கினார். பிறகு எமக்கு விளக்கினார். ‘சிரமதானம்’ என்ற சொல் அங்கேயும் உண்டு. பாதை, பாடசாலை, குடிநீர்க் குழாய் போன்ற பொதுவேலைகளுக்கு ஊர் கூடுவது அது. ஆனால் ஒருவருடைய வயலிலோ வீட்டிலோ செய்யும் வேலை சிரமதானம் அல்ல. அதற்குப் பெயர் ‘பர்ம’. இன்று நீ என் வயலில் ஒருநாள், நாளை நான் உன் வயலில் ஒருநாள். எமது பழைய வேளாண்மைக் கிராமங்களிலும் கூலியில்லாமல் ஆள் மாறி ஆள் நின்று விதைத்து வெட்டிய வழக்கம் இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். திருப்ப வேண்டாம் என்று சொல்வது பெருந்தன்மை அல்ல. உன்னிடமிருந்து பெறுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதற்குச் சமம்.

இறுதியில் அந்தத் தாயே வழி கண்டார். நீங்கள் ஒருநாள் கல் சுமந்தால் நான் ஒருநாள் சுவர் கட்டப் பழக்குவேன். கணக்குச் சரி. உணவும் உறையுளும் தந்த வீடுகளுக்குக் குரக்கன் வெட்டிக் கொடுங்கள். மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து வேலையும் மாறிற்று, அவர்கள் பேசும் விதமும் மாறிற்று. இரண்டாவது கிழமையில் அவர்கள் வைத்த கற்கள் சில அந்தச் சுவரில் கழற்றப்படாமல் நின்றன. சில மட்டுமே. ஆனால் அவை சரியான கற்கள்.

விடைபெறும்போது கணக்குப் பார்த்தோம். எப்படிப் பார்த்தாலும் நாமே கடனாளிகள். அங்கே உண்டதும் கற்றதும், சுமந்ததைவிட அதிகம். பரவாயில்லை, உங்கள் ஊரில் யாருக்காவது கொடுங்கள் என்றார் அந்தத் தாய்.

நாம் நாடு திரும்பிச் சில வாரங்களில், டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் தாக்கியது. யாரும் அழைக்காமலே அந்தப் பதினொருவரில் எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். நீர்கொழும்பு இளைஞனும் வந்தான். வந்ததும் அவர்கள் வேலையைக் கேட்கவில்லை. முதல் நாள் முழுவதும் வீடு வீடாகப் போய் இருந்து, சனம் சொல்வதைக் கேட்டார்கள். மறுநாள் கிணறு இறைக்கத் தொடங்கியபோது, கிணற்றுக்குள் நின்றபடி முல்லைத்தீவு இளைஞன் மேலே பார்த்துச் சொன்னான்: “பாதர், இது பர்ம.”

பங்குகளிலும் பாடசாலைகளிலும் இத்தகைய பயணங்களை ஒழுங்கு செய்வோருக்குச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். ரிக்கற்றின் விலையை மாணவரிடமிருந்து மறைக்காதீர்கள், கணக்கை அவர்களே பார்க்கட்டும். முதல் நாளிலேயே வேலை கொடுக்காதீர்கள், வீடுகளுக்கு அனுப்புங்கள். செய்த வேலை பிழையென்றால் அதைக் கழற்றும் அதிகாரம் அந்த ஊரவர் ஒருவரிடம் இருக்கவேண்டும். பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் வழியைத் தேடுங்கள்.

இதே பாடம், வெளியாரை வரவேற்கும் எமது கிராமங்களுக்கும் உரியது. அடுத்த தடவை எமது முற்றத்தில் யாராவது கோணல் சுவர் கட்டினால், மாலை போடுவதற்கு முன்னர் அலவாங்கை எடுப்போமா?